நோவு இல்லாத உடம்புக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?

(முண்டியம்பாக்கத்தில் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு வழக்கை முழுவதும் மாற்றாமல் எழுத்தாக்கித் தரப்படுகிறது.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி, "தலைப்பு என்னக்கா போடறது?"ன்னு கேட்டார். "பிரஷர் பார்க்கறது, சுகர் பார்க்கறது, கர்ப்பப்பை வாய் பார்க்கறது"ன்னு சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவா, "இது மாதர் சங்கத்துக்குப் பேசற விஷயம் மாதிரி இருக்கே அக்கா, நம்ம கூட்டத்துக்கு அரசியலா ஏதாவது…"ன்னு இழுத்தார். தம்பி இங்கதான் உட்கார்ந்திருக்கிறார். கோபமில்லை. அந்த இழுப்புக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

எது அரசியல்? 1978ஆம் ஆண்டு ஜூலை மாதம், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற விழுப்புரத்தில் 12 தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த எண் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். இருக்கணும். கொலை செய்தவன் யார், ஏவினவன் யார், பார்த்துக்கொண்டு நின்ற போலீஸ் எது என்று நாம் கேட்டோம். இன்னமும் கேட்கிறோம். அது அரசியல்.

சரி. 45 வயசிலே ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் படுத்தாரே பெரியப்பா, அவரைக் கொன்றது யார்? கால் விரலில் ஆரம்பித்த புண்ணுக்கு முழங்கால் வரை எடுத்தார்களே, அந்த அத்தையை வெட்டியது யார்? அதற்கு நாம் சொல்வது: "விதி. குடி. வயசாயிடுச்சி." 45 எந்த ஊரில் வயசு? இந்தச் சாவுகளுக்கு நம்மிடம் எண் கிடையாது. எண் இல்லாத சாவுக்குக் குற்றவாளியும் கிடையாது.

எண் கொஞ்சம் சொல்கிறேன். 2018இல் ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் இறந்துபோன பெண்களின் சராசரி வயதை அதில் சாதிவாரியாகக் கொடுத்திருந்தார்கள். மேல்சாதிப் பெண்களுக்கு 54.1. தலித் பெண்களுக்கு 39.5. வித்தியாசம் 14.6 ஆண்டுகள். இன்னொன்று, 2022இல் வந்த ஆய்வு. வட, கிழக்கு மாநிலங்கள் ஒன்பதை எடுத்துப் பார்த்தார்கள். மேல்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு, பழங்குடிகளுக்கு நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு. ஏழைகளா இருக்கிறதாலதான் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. வசதியைச் சமப்படுத்திக் கணக்குப் போட்டும் வித்தியாசம் முழுசா மறையவில்லை. அதாவது சாதி நம்ம ஆயுளிலிருந்தும் கூலி பிடித்துக்கொள்கிறது.

இது அரசியல் இல்லை என்றால் எது அரசியல்?

*

முண்டியம்பாக்கத்தை எல்லாருக்கும் தெரியும். சென்னையிலிருந்து திருச்சி போகிற பெரிய ரோட்டில் விக்கிரவாண்டியைத் தாண்டினால் வந்துவிடும். இந்த ஊருக்கு இரண்டு அடையாளம். ஒன்று சர்க்கரை ஆலை. இன்னொன்று மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கல்லூரி 2010இல் வந்தது.

ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள் யார்? கட்டிங் ஆர்டர் வந்ததும் மேஸ்திரி பின்னால் விடிகாலை இருட்டில் கிளம்புகிறவர்கள் யார்? பெரும்பாலும் நம்ம சேரி ஆம்பளை பொம்பளை. ஆலைக்கு உள்ளே வேலை செய்கிறவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். வயலில் வெட்டுகிறவர் பெயர் மேஸ்திரி நோட்டில் இருக்கும். சீசன் முடிந்தால் அந்த நோட்டும் இல்லை. அந்தக் கரும்புதான் ஆலைக்குள்ளே போய்ச் சர்க்கரையா வெளியே வருது. வெட்டினவன் ஆஸ்பத்திரிக்குள்ளே சர்க்கரை வியாதியோட போறான். இரண்டும் ஒரே ஊர்தான். ஆனா வயலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நம்ம ஆட்கள் வந்து சேர இருபது வருஷம் ஆகிறது. அதுவும் 108 வண்டியில்.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களை இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலமைச்சரே நேரில் வந்து பார்த்தார். நிவாரணம் அறிவித்தார்கள். ஒரே நாளில் கொத்தாகச் செத்தால் அரசு வரும், கேமரா வரும். ஒவ்வொருத்தராக, ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு மாதமாகச் செத்தால் யாரும் வரமாட்டார்கள். பறை மட்டும்தான் வரும். அதையும் நாமேதான் அடிக்கணும்.

ரத்தக்கொதிப்பு என்கிற பிரஷர் வலிக்காது. இதுதான் அதன் சூழ்ச்சி. 140க்கு 90 என்ற அளவைத் தொட்டால் கூடுதல். 180 இருந்தாலும் ஒருத்தர் கரும்புக் கட்டைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார். உள்ளே ரத்தக் குழாயும் சிறுநீரகமும் இதயமும் தேய்ந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 100க்கு 34 பேருக்கு ரத்தக்கொதிப்பு, 100க்கு 17, 18 பேருக்குச் சர்க்கரை. அதுகூட எனக்குப் பெரிசாப் படலை. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100க்கு 7 பேர்தான். மிச்சம் 93 பேர்? பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த முன்னேற்றம் ஊர்த்தெருவில் எவ்வளவு, காலனியில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். நம்ம கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

எங்கள் சின்னம்மா ஒருத்தர் இருந்தார். கரும்பு வெட்டப் போவார், நாற்று நடப் போவார். எப்பக் கூப்பிட்டாலும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு இன்னாடி நோவு? நோவே இல்லாத உடம்புக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

தூரம் நின்னு நாலு வருஷம் கழிச்சி அவருக்கு உதிரம் பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. துணியைத் துவைத்து வைக்கோல் போருக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறார். ஒரு வருஷம். நாற்றம் தாங்காமல்தான் மருமகளுக்குத் தெரிந்தது. அழைத்துக்கொண்டு போன இடத்தில், "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தே? உங்க ஆளுங்களுக்கெல்லாம் சொன்னாத் தெரியாதா?" என்று கேட்டார்கள். இவ்வளவு நாள் அவர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். இதைச் சொல்ல அங்கே ஆளில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிவிட்டது. எட்டு மாதம் இருந்தார்.

இந்த நோய் ஒரே ராத்திரியில் வருவதில்லை, தோழர்களே. எச்.பி.வி. என்கிற கிருமி தங்கி, கருப்பை வாயின் தோல் மாறிப் புற்றாக ஆவதற்குப் பத்து வருஷம், பதினைந்து வருஷம்கூட ஆகும். அத்தனை வருஷமும் கண்டுபிடிக்கிற வாய்ப்பு திறந்தே கிடக்கிறது. கண்டுபிடிப்பதற்குப் பெரிய மிஷின் வேண்டாம். காடியில் இருக்கிற அமிலம் தெரியுமா, அசிட்டிக் அமிலம்? அதை நீர்த்துப்போகச் செய்து பஞ்சில் தொட்டு வைக்கிறார்கள். ஒரு நிமிஷம். மாறியிருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சே பார்க்கலாம். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேலே பார்க்கணும் என்று அர்த்தம். ஆரம்ப மாற்றம் என்றால் உறைய வைத்து அங்கேயே சரிசெய்து அனுப்பலாம்.

இது வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்த்தது நம் தமிழ்நாட்டில்தான். 2000ஆம் ஆண்டு தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை இந்தச் சோதனை. மற்ற 57இல் வழக்கம்போல. சோதனைப் பக்கத்தில் 49,311 பெண்கள், எதிர்ப்பக்கத்தில் 30,958 பெண்கள். 2007இல் முடிவு வந்தது. சோதனை நடந்த பக்கத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவு. சாவு 35 விழுக்காடு குறைவு. வாழ்க்கையில் ஒரே ஒரு நிமிஷம், ஒரு பஞ்சு, கொஞ்சம் காடி. மூன்றில் ஒரு சாவு நின்றுவிட்டது.

என் சின்னம்மாவுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

*

இப்போது உங்களில் படித்த மாணவர்கள் கேட்பீர்கள், கேட்கணும்: "எதிர்ப்பக்கத்தில் இருந்த அந்த 30,958 பெண்கள் என்ன ஆனார்கள்?"

நல்ல கேள்வி. திண்டுக்கல்லைப் போலவே மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத்திலும் ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்துச் சோதனை செய்யப்படாமல் விடப்பட்ட பெண்கள் 1,38,624 பேர். அதில் 254 பேராவது இதே புற்றுநோயில் செத்தார்கள். சோதனை செய்தால் உயிர் பிழைக்கும் என்று மேல்நாடுகளில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயத்துக்கு இங்கே எதற்கு ஒரு 'ஒன்றும் செய்யாத பக்கம்' என்று அமெரிக்க மருத்துவர் ஒருவரே புகார் கொடுத்தார். 2014இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் அது விவாதமானது. ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள்: "இந்தியாவில் எந்தச் சோதனையும் இல்லாததுதான் நடைமுறை. நாங்கள் எதையும் பறிக்கவில்லை." பறிக்கவில்லைதான். நம்மிடம் பறிப்பதற்கு ஏற்கெனவே ஒன்றும் இல்லை என்பதைத்தான் அந்தப் பதில் ஒப்புக்கொள்கிறது.

இன்னொன்று. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் ஊசி போடப்பட்ட சிறுமிகளில் பலர் பழங்குடி விடுதிகளில் இருந்தவர்கள். தாய் தகப்பனைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரிடமே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. சில சிறுமிகளின் சாவுக்கு ஊசிதான் காரணம் என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊசி நல்ல ஊசியாகவே இருக்கட்டும். கேட்காமல் போட்டது குற்றம். யாருடைய பிள்ளைகளைக் கேட்காமல் போடலாம் என்று நினைத்தார்கள் என்பதுதான் சாதி.

ஆகவே நம்ம சனத்துக்குச் சந்தேகம் இருக்கிறது என்றால் அது அறியாமை இல்லை. அது அனுபவம். ஆனா தோழர்களே, சந்தேகம் இரண்டு வகை. ஒன்று நம்மை வீட்டுக்குள்ளே உட்கார வைக்கிற சந்தேகம். இன்னொன்று போய் நின்று கேள்வி கேட்கிற சந்தேகம். முதல் சந்தேகத்தால் சாகிறது நாம்தான். சோதனை செய்யாத பக்கத்தில் 254 பேர் செத்தார்கள் என்று கொதிக்கிற நாம், நம்ம தெருவையே சோதனை செய்யாத பக்கமாக வைத்திருக்கிறோமே, அதற்கு யார் மேல் புகார் கொடுக்கிறது?

*

சோதனை இல்லாத இடத்தில் பயத்தை வைத்துப் பிழைக்கிறவன் வருவான். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கேயும் கரும்பு வெட்டுகிற பெண்கள், நம்மைப் போலவே நிலமில்லாதவர்கள். 2019இல் செய்தி வெடித்தது. மாநில அரசு போட்ட குழு கணக்கெடுத்தது. 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆறு பேரில் ஒருத்தர். வெள்ளைப்படுது, வயிறு வலிக்குது என்று போனவர்களிடம் "எடுக்காட்டி கேன்சர் வரும்" என்று பயம் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவார், மாதாமாதம் தூரம் வந்தால் கூலி போகும். கருப்பை இல்லாவிட்டால் கூலி போகாது. ஒரு நிமிஷக் காடிச் சோதனை கிடைத்திருந்தால், வெறும் மருந்து மாத்திரையில் தீரும் தொற்றுக்குக் கருப்பையைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கரும்பு வெட்டுகிற ஆம்பளைகளுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. நடு அமெரிக்காவில் நிகரகுவா, எல் சால்வடோர் என்ற நாடுகள். அங்கே கரும்புத் தோட்டங்களில் முப்பது, நாற்பது வயது ஆம்பளைகள் சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. நிகரகுவாவில் ஒரு ஊருக்கே 'விதவைகளின் தீவு' என்று பெயர் வந்துவிட்டது. கொதிக்கிற வெயிலில் தண்ணி இல்லாமல், நிழல் இல்லாமல், டன் கணக்குக்கு ஓடி ஓடி வெட்டுகிறதுதான் முக்கியமான காரணம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பூச்சிமருந்து மேலும் சந்தேகம் உண்டு. ஆந்திராவின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளிடம் இதே மாதிரி காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. 2025இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிலும் சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டவர்களைக் கண்டிருக்கிறது. நடு அமெரிக்காவில் தொழிலாளர்களுக்காக நிற்பவர்கள் கேட்டது மூன்றே வார்த்தை: தண்ணீர், ஓய்வு, நிழல். இதற்கு எந்தப் பெரிய டாக்டர் வேண்டும்?

*

ஏன் நம்ம ஆட்கள் போவதில்லை? நாலு காரணம் சொல்கிறேன்.

முதலாவது கூலி. ஓ.பி. காலையில். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. அன்றைய கூலி போச்சு. மாதச் சம்பளக்காரனுக்கு இலவசமாகக் கிடைக்கிற சோதனை, தினக்கூலிக்கு ஒரு நாள் கூலி விலை.

இரண்டாவது, மரியாதை. குஜராத், ராஜஸ்தானில் தலித் குழந்தைகள் பற்றி நடந்த ஆய்வு 2010இல் வந்தது. மருந்து கொடுக்கும்போது தொடாமல் போடுவது, வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்பது என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அது படித்துத் தெரிய வேண்டியதில்லை. வேப்ப மரத்தடியில் நின்று "எல்லாரும் இங்க வாங்க"ன்னு கூப்பிடுகிற சுகாதாரப் பணியாளரை நாம் பார்த்திருக்கிறோம். காலனிக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிக்கிறவரையும் பார்த்திருக்கிறோம். யார் கூப்பிட்டால் நம்ம பெண்கள் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, நேரம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. வீட்டு வாசலில் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பது. நல்ல திட்டம், 2024இல் ஐக்கிய நாடுகள் விருதும் கிடைத்தது. வீடு வீடாக நடப்பவர்கள் நம்மைப் போன்ற பெண்கள்தான். தன்னார்வலர் என்று பெயர் வைத்து, சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்று கொடுத்தார்கள். அவர்களும் நம் பக்கத்து ஆட்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பத்து மணிக்கு அவர் காலனிக்கு வந்தால் யார் இருப்பார்கள்? ஆயாவும் கோழியும்தான். 30இலிருந்து 50 வரை இருக்கிற உடம்பெல்லாம் கழனியில்.

நாலாவது, பயம். "இருக்குன்னு தெரிஞ்சா என்ன பண்றது?" இதைக் கேலி செய்யக் கூடாது. கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு மாத்திரைக்கு வழி காட்டாத சோதனை, சோதனையே இல்லை, அது தண்டனை.

*

எது அவசியம், எது வியாபாரம் என்றும் பிரித்துப் பார்க்கணும். 'முழு உடல் பரிசோதனை' என்று தனியாரில் ஐயாயிரம், பத்தாயிரத்துக்கு விற்கிறார்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். பொத்தாம் பொதுவான முழுப் பரிசோதனை சாவைக் குறைக்கிறதா என்று உலகம் முழுக்க நடந்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டரை லட்சம் பேர். 2019இல் வந்த முடிவு: குறைப்பதாகத் தெரியவில்லை. உயிரைக் காப்பது குறிப்பான சில சோதனைகள்தான். எல்லாம் அரசு இடங்களில் காசில்லாமல் கிடைக்க வேண்டியவை.

30 வயது தாண்டின எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர், சர்க்கரை. வெறும் வயிற்றில் 126க்கு மேல் என்றால் திரும்பப் பார்க்கணும். 30 முதல் 65 வரை பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கருப்பை வாய். கூடவே மார்பைத் தடவிப் பார்க்கும் சோதனை. மும்பையில் இருபது வருஷம் நடந்த ஆய்வில், 50 வயது தாண்டிய பெண்களில் சாவு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. புகையிலை, ஹான்ஸ், பீடி, குடி இருக்கிறவர்கள் வாயைத் திறந்து காட்டணும். திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வில் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தே, அந்தப் பழக்கமுள்ளவர்களில் வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒன்று குறைந்தது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளி. கரும்பு, செங்கல் சூளை, கல்குவாரி வேலைக்காரர்களுக்கு கிரியாட்டினின் என்கிற ரத்தச் சோதனையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனையும். அவ்வளவுதான். ஒரு கை விரல், இன்னொரு கையில் மூன்று விரல்.

*

இயக்கம் என்ன செய்யணும்?

"இது தொண்டு நிறுவன வேலை ஆயிடாதா?" என்று பின்னால் ஒரு தோழர் கேட்டார். தொண்டு நிறுவனம் முகாம் போடும், போட்டோ எடுக்கும், போகும். நாம் முகாம் போடச் சொல்லவில்லை. உரிமையைக் கேட்கச் சொல்கிறேன். கேட்க வேண்டியது இதுதான். காலனிக்குள்ளேயே, வேலை முடிந்த மாலை நேரத்தில் சோதனை. கரும்பு சீசன் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் சிறுநீரகச் சோதனை, அந்த நாளுக்குக் கூலி, செலவு ஆலைகளுடையது. வயலில் தண்ணீர், ஓய்வு, நிழல். பெண்களைப் பார்க்கப் பெண் நர்ஸ், மறைவான இடம், நம் மொழியில் விளக்கம், கேட்டுச் சம்மதம். முடிவு எழுதின சீட்டு நம்ம கையில். சோதனை செய்தவர்களின் கணக்கைத் தெருவாரியாக வெளியிடணும். 2009இலிருந்து காப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. நோய் முற்றினால் ஆபரேஷனுக்குப் பணம். முற்றாமல் இருக்கிறதுக்கும் பணம் ஒதுக்கச் சொல்வோம்.

நாமே செய்ய வேண்டியதும் உண்டு. இரவுப் பாடசாலையில் ஒரு பி.பி. மிஷின் இருக்கட்டும். பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி அரை நாளில் பழகிக்கொள்வாள். ஒரு நோட்டுப் போட்டு யார் யாருக்கு எவ்வளவு, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று எழுதட்டும். நோட்டு ரகசியமாக இருக்கணும். அடுத்த வீட்டு நோவு டீக்கடைப் பேச்சாகக் கூடாது. துணைக்குப் போகிற ஆள் ஒருத்தர் வேணும். பாதிப் பெண்கள் தனியாகப் போகப் பயந்துதான் போவதில்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். சாவித்திரிபாய் புலே 1897இல் பிளேக் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அதே நோயில் செத்தார். அம்பேத்கருக்குக் கடைசி ஆண்டுகளில் சர்க்கரை நோய். நரம்பு வலி, கண் மங்கல். அந்த உடம்போடு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து புத்தரைப் பற்றிய நூலை எழுதி முடித்தார். 1956 டிசம்பர் 6இல் போனபோது வயது 65. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்று நினைக்காத தலித் உண்டா? ஆனா நம்ம தோழர்கள் மேடையில் மூன்று மணி நேரம் பேசிவிட்டு, டீயும் பீடியுமாக விடிய விடிய உட்கார்ந்து, பிரஷர் மாத்திரையை "மறந்துட்டேன் தோழர்"னு சொல்வதை ஏதோ தியாகம் மாதிரி நினைக்கிறோம். அது தியாகம் இல்லை. நம்ம உடம்பு இயக்கத்தின் சொத்து. ஆண்டை நிலத்தில் தேய்ந்த உடம்பு, நம்ம கையாலும் தேய வேண்டாம்.

எனக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாருக்கோ துணைக்குப் போய், சும்மா கையை நீட்டினேன். 170க்கு 104. ஒரு தலைவலிகூட இல்லை. அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை. கருவாட்டில் உப்பைக் குறைத்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். அந்தப் பெஞ்சில் மிஷின் வைத்திருக்கிறோம். தலைப்புக்கு இழுத்த தம்பி முதலில் கையை நீட்டட்டும். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், ஆயாவிடம், சின்னம்மாவிடம் கேளுங்கள். "நோவே இல்லாத உடம்புக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். "நோவு வந்த பிறகு போறதுக்கு நாமதான் வண்டி பிடிக்கணும், வர்றதுக்கு முன்னாடி போனா நடந்தே போகலாம்"னு சொல்லுங்க.

ஜெய் பீம்.